எடை போச்சு... தோல் மட்டும் தொங்குதே!

"மேடம், அம்பது கிலோ குறைச்சிட்டேன். ஆனா கண்ணாடி முன்னாடி நிக்க முடியலை!"

சில வருடங்களுக்கு முன்னால், என் கிளினிக்கில் வந்து உட்கார்ந்த ஒரு பள்ளி ஆசிரியை சொன்ன முதல் வார்த்தை இது. வயது 41. உயரம் 158 செ.மீ. ஒரு காலத்தில் 118 கிலோ இருந்தவர். சர்க்கரை, மூட்டுவலி, படுத்தால் மூச்சு முட்டல் என்று படாத பாடு பட்டவர். இரைப்பையைச் சுருக்கும் ஆபரேஷன் செய்துகொண்டு, ஒன்றரை வருடத்தில் 68 கிலோவுக்கு வந்துவிட்டார். சர்க்கரை மாத்திரை நின்றுவிட்டது. இரண்டு மாடி ஏறிப் போய் வகுப்பு எடுக்கிறார். ஊரே பாராட்டுகிறது.

ஆனால், புடவையை லேசாக விலக்கிக் காட்டினார். அடிவயிற்றுத் தோல் தொடை வரைக்கும் முந்தானை மாதிரித் தொங்கியது. அந்த மடிப்புக்கு உள்ளே தோல் சிவந்து, வெந்து, புண்ணாகி ஒருவித வாடை. கையைத் தூக்கினால் புஜத்துத் தோல் பை மாதிரி ஆடியது. "போர்டுல எழுதறப்போ பசங்க சிரிக்கறாங்க மேடம். வெயில் காலத்துலயும் முழுக்கை ரவிக்கைதான். ஏதாச்சும் தைலம் குடுங்க, தோல் இறுகணும்" என்றார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? தைலம் கொடுத்தேன்!

ஆமாம். பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு, இத்தனை வருடம் மருத்துவம் பார்த்த நான் செய்த தப்பு அது. அந்தத் தப்பைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையே. அதை இன்னும் கொஞ்சம் தள்ளிச் சொல்கிறேன். முதலில் விஷயத்தைப் புரிந்துகொள்வோம்.

தோல் ஏன் சுருங்கவில்லை?

நம் தோலின் உள்ளடுக்கில் இரண்டு வகை நார்கள் இருக்கின்றன. ஒன்று கொலாஜன். இது தோலுக்கு உறுதி தருவது. இன்னொன்று எலாஸ்டின். இழுத்தால் நீண்டு, விட்டால் பழையபடி திரும்புவது இதனால்தான். இந்த எலாஸ்டினை உடம்பு பெரும்பாலும் சின்ன வயதிலேயே தயாரித்து முடித்துவிடுகிறது. வளர்ந்த பிறகு அது அறுந்துபோனால், பழையபடி புதிதாகக் கிடைப்பது அபூர்வம்.

உங்கள் வீட்டுச் சிறுமியின் ஸ்கூல் பாவாடையைப் பாருங்கள். இடுப்பு எலாஸ்டிக் புதிதாக இருக்கும்போது இழுத்துவிட்டால் 'சட்'டென்று சுருங்கும். அதையே இரண்டு வருடம் இழுத்துக் கட்டிவிட்டால்? எத்தனை முறை துவைத்துக் காயப்போட்டாலும் தொளதொளதான்! பத்துப் பதினைந்து வருடம் விரிந்தே இருந்த தோலின் கதையும் அதுதான்.

வயது கூடக்கூட இது மோசமாகும். புகைபிடிக்கிறவர்களுக்கும், பல பிரசவம் ஆனவர்களுக்கும், ரொம்ப வருடம் குண்டாக இருந்தவர்களுக்கும் தோல் திரும்புவது குறைவு. பரம்பரையும் ஒரு காரணம். ஐந்து, பத்து கிலோ குறைத்தவர்களுக்கு இந்தப் பிரச்னை பெரிதாக வருவதில்லை. நாற்பது, ஐம்பது கிலோ குறைத்தவர்களில் பெரும்பாலோருக்கு ஏதோ ஓர் அளவில் வரத்தான் செய்யும். ஆபரேஷனால் குறைத்தாலும் சரி, சாப்பாட்டுக் கட்டுப்பாட்டால் குறைத்தாலும் சரி, 2025-ல் இந்தியாவிலும் விற்பனைக்கு வந்த வாராந்திர எடைக்குறைப்பு ஊசிகளால் குறைத்தாலும் சரி, தோலுக்கு எல்லாம் ஒன்றுதான்.

'தைலம் தேய்த்தால் இறுகுமா?'

இறுகாது. சித்த மருத்துவச்சி நானே சொல்கிறேன். எண்ணெய் தோலை மெதுவாக்கும், வறட்சியைப் போக்கும், அரிப்பைத் தணிக்கும். தேய்த்துவிட்டால் உடம்புவலி குறையும், நல்ல தூக்கம் வரும். ஆனால், முக்கால் அடி நீளத்துக்குத் தொங்குகிற தோலை மேலே ஏற்றுகிற எண்ணெய் எந்த மருத்துவத்திலும் கிடையாது. 'தோல் இறுக்கும் க்ரீம்' என்று டப்பாவில் விற்பதும் அப்படித்தான்.

உடற்பயிற்சி? கட்டாயம் செய்யுங்கள். தசை வளரும், உருவம் ஓரளவு நிரம்பும். தோலின் நீளம் மட்டும் குறையாது. லைப்போசக்ஷன் என்று கொழுப்பை உறிஞ்சி எடுப்பார்களே, அது? அது கொழுப்புக்கான வைத்தியம். காற்று போன பலூனில் மிச்சக் காற்றையும் எடுத்தால் பலூன் இன்னும்தானே தொங்கும்? தோல்தான் பிரச்னை என்றால், அதிகப்படியான தோலை வெட்டி எடுத்துத் தைப்பது ஒன்றுதான் வழி.

"சித்த மருத்துவர் ஆபரேஷனுக்கு வக்காலத்து வாங்குகிறாரே!" என்று நினைக்கிறீர்களா? எங்கள் நூல்கள் புறமருத்துவத்தை 32 வகையாகப் பிரிக்கின்றன. தேய்த்துப் பிடிக்கும் தொக்கணம் அதில் ஒன்று. பற்று, ஒற்றடம், வேது ஆகியவையும் உண்டு. அதே பட்டியலில்தான் கீறலும் அறுவையும் இருக்கின்றன. அறுவை வேண்டிய இடத்தில் தொக்கணம் செய்தால் அது வைத்தியம் இல்லை, காலம் கடத்தல்!

நான் கடத்திய காலம்

அந்த ஆசிரியைக்கு எட்டு மாதம் தைலம் கொடுத்தேன். வாரம் ஒரு நாள் தொக்கணம். 'தோல் இறுகாது' என்று முகத்துக்கு நேரே சொல்ல மனசு வரவில்லை. பாவம், நம்பி வந்திருக்கிறாரே என்ற இரக்கம். கொஞ்சம் 'நம்மால் முடியாது' என்று ஒப்புக்கொள்ளத் தயக்கம். அதோடு விட்டேனா? மடிப்புப் புண் ஆற வேண்டும் என்று பத்தியம் வேறு சொன்னேன். முட்டை, மீன் வேண்டாம், கஞ்சியும் ரசமும் போதும் என்றேன். ஏற்கெனவே சின்னதாக்கப்பட்ட இரைப்பை. அதில் கஞ்சியை ஊற்றினால் சத்துக்கு இடமேது?

எட்டாவது மாதம் அவருடைய அம்மா கூட வந்தார். "டாக்டரம்மா, இவ கல்யாணம் காட்சிக்கே போக மாட்டேங்கா. முடி கொத்துக் கொத்தா கொட்டுது. எந்திரிச்சு நின்னா தலை சுத்துதுங்கா" என்றார். ரத்தம் பரிசோதித்தேன். ஹீமோகுளோபின் 8.4! பெண்களுக்கு 12-க்குக் குறையக் கூடாது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அன்றைக்குத்தான் உண்மையைச் சொன்னேன். "இந்தத் தைலத்தால் தோல் ஏறாதும்மா. நீங்க பிளாஸ்டிக் சர்ஜனைப் பார்க்கணும்."

அந்த ஆசிரியை கோபப்படவில்லை. "இதை மொதல் நாளே சொல்லியிருக்கலாமே மேடம்" என்றார், அவ்வளவுதான். இன்னமும் அந்த வார்த்தை என் காதில் இருக்கிறது.

சர்ஜனும் உடனே ஆபரேஷன் செய்யவில்லை. "ரத்தம் ஏறட்டும், புரதம் ஏறட்டும், புண் ஆறட்டும்" என்று ஐந்து மாதம் திருப்பி அனுப்பினார். ஆக, என்னால் அவருக்கு ஒரு வருடத்துக்கு மேல் வீண். உங்களுக்கோ உங்கள் வீட்டில் ஒருவருக்கோ அப்படி ஆகக் கூடாது என்பதற்காகத்தான் இனி வரும் விவரங்கள்.

இது அழகு ஆபரேஷனா?

பலர் வீட்டில் எழும் முதல் கேள்வி இதுதான். "புடவை கட்டினா மறைஞ்சிடுது, இதுக்குப் போயி கத்தி வைக்கணுமா?"

மடிப்புக்குள் காற்று போகாது. வியர்வை தேங்கும். தோலோடு தோல் உரசும். பூஞ்சைத் தொற்று வந்துகொண்டே இருக்கும். சர்க்கரை உள்ளவர்களுக்கு அது ஆறாத புண்ணாகும். தொங்கும் எடையால் இடுப்பு வலிக்கும். நடக்கும்போது தொடை உரசும். இதையெல்லாம் 'அழகு' என்ற ஒரே வார்த்தையில் தள்ளிவிட முடியுமா?

மனசு என்று ஒன்று இருக்கிறதே! எனக்குத் தெரிந்த ஓர் இளைஞர், 45 கிலோ குறைத்தவர், வருடா வருடம் போகும் திருச்செந்தூருக்குப் போவதையே நிறுத்திவிட்டார். கோயிலுக்குள் ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும். மார்புத் தோல் தொங்குவதை நாலு பேர் பார்ப்பார்களே என்ற கூச்சம். குண்டாக இருந்தபோதுகூடப் போனவர் அவர்! கஷ்டப்பட்டு இளைத்தவர் வீட்டுக்குள் முடங்கினால், அந்த வருத்தத்திலேயே மறுபடி சாப்பிட்டு எடை ஏறுவதும் உண்டு.

இந்த ஆபரேஷன் நேற்று வந்ததும் இல்லை. அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் டாக்டர் ஹோவர்ட் கெல்லி, தொங்கும் வயிற்றை வெட்டி எடுத்ததைப் பற்றி 1899-லேயே எழுதியிருக்கிறார். அவர் பெண்கள் நோய் மருத்துவர். 1960-களில் பிரேசிலின் ஐவோ பிட்டாங்கி வயிறு, தொடை ஆபரேஷன்களைச் செம்மைப்படுத்தினார். அதே 1960-களில் அமெரிக்காவின் அயோவாவில் எட்வர்ட் மேசன் இரைப்பை பைபாஸைத் தொடங்கிவைத்தார். எடை குறைப்பு ஆபரேஷன் பெருகப் பெருக, தோல் ஆபரேஷனின் தேவையும் பெருகியது.

எப்போது செய்யலாம்?

அவசரமே கூடாது. எடை இறங்கிக்கொண்டிருக்கும்போது தோலை வெட்டினால், மேலும் இளைத்ததும் மறுபடி தொங்கும். இரைப்பை ஆபரேஷன் செய்தவர்கள் பொதுவாக 12 முதல் 18 மாதம் பொறுக்க வேண்டும். அதிலும் கடைசி மூன்று முதல் ஆறு மாதம் எடை ஏறாமல் இறங்காமல் ஒரே நிலையில் நிற்க வேண்டும். ஊசி போட்டு இளைப்பவர்களுக்கும் எடை நிலைப்பதுதான் கணக்கு.

பி.எம்.ஐ. 30-க்குள் இருந்தால் ஆபத்து குறைவு. 160 செ.மீ. உயரம் என்றால் சுமார் 77 கிலோவுக்குள். அதற்கு மேல் இருந்தால் கூடவே கூடாது என்றில்லை. புண் ஆறுவதில் சிக்கல் அதிகம் என்பதால் சர்ஜன் யோசித்துத்தான் முடிவு செய்வார்.

குழந்தை பெற வேண்டும் என்று நினைக்கும் பெண்கள், வயிற்று ஆபரேஷனைப் பிரசவத்துக்குப் பிறகு வைத்துக்கொள்வதே நல்லது. வயிறு மறுபடி விரிந்தால் செய்ததெல்லாம் வீண். புகைபிடிக்கும் ஆண்கள் குறைந்தது ஒரு மாதம் முன்பும் ஒரு மாதம் பின்பும் அறவே நிறுத்த வேண்டும். புகை ரத்தக்குழாயைச் சுருக்கும். தைத்த தோல் கறுத்து அழுகிப்போகும் அபாயம் உண்டு.

என்ன செய்வார்கள்?

வயிற்றை எடுத்துக்கொள்வோம். முழு மயக்கம் கொடுத்து, அடிவயிற்றில் ஒரு பக்க இடுப்பிலிருந்து மறு பக்க இடுப்பு வரை கீறுவார்கள். தோலையும் கொழுப்பையும் விலா எலும்பு வரைக்கும் பிரித்து உயர்த்துவார்கள். தொப்புள் மட்டும் அதன் காம்போடு அப்படியே இருக்கும். விலகிப்போன வயிற்றுத் தசைகளைச் சேர்த்துத் தைப்பார்கள். பிறகு தோலைக் கீழே இழுத்து, மிச்சத்தை வெட்டிவிட்டு, தொப்புளுக்குப் புது இடத்தில் வழி வைத்துத் தைப்பார்கள். உள்ளே சேரும் நீர் வெளியேற ஒன்றிரண்டு டியூப் வைப்பார்கள். இதற்குச் சில மணி நேரம் ஆகும்.

வயிற்றோடு பின்பக்கமும் தொங்கினால் இடுப்பைச் சுற்றி பெல்ட் மாதிரி எடுப்பார்கள். புஜத்துக்கும் தொடைக்கும் உட்பக்கமாகக் கீறல் வரும். மார்பைத் தூக்கி அமைப்பது தனி. எல்லாவற்றையும் ஒரே நாளில் முடித்துவிட ஆசைப்படாதீர்கள். மூன்று மாதமோ அதற்கு மேலோ இடைவெளி விட்டு, கட்டம் கட்டமாகச் செய்வதே பலருக்கும் பத்திரம்.

ஒன்றை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். இது தோலைக் கொடுத்துத் தழும்பை வாங்குகிற வியாபாரம். நீளமான தழும்பு நிச்சயம். அது மங்க ஒரு வருடமோ அதற்கு மேலோ ஆகும். மறையவே மறையாது. 'அந்தத் தழும்பு பரவாயில்லை' என்று நிஜமாகவே தோன்றினால் மட்டும் மேலே போங்கள்.

என்ன ஆபத்து?

மறைக்காமல் சொல்கிறேன். தோலுக்கு அடியில் நீர் கட்டலாம். தையல் அங்கங்கே பிரியலாம். ரத்தம் கட்டலாம். தொற்று வரலாம். நிறைய எடை குறைத்தவர்களுக்கு இவை மற்றவர்களைவிட அதிகமாகவே வருகின்றன. பெரும்பாலும் சரிசெய்துவிடக்கூடியவைதான்.

பயப்பட வேண்டியது ஒன்று. காலில் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய் அடைப்பது. அதனால்தான் ஆபரேஷன் ஆன அன்றைக்கோ மறுநாளோ எழுப்பி நடக்கவிடுவார்கள். சிலருக்கு ரத்தம் உறையாமலிருக்க ஊசி போடுவார்கள். வீட்டுக்கு வந்த பிறகு ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ ஒரு நிமிஷம் தாமதிக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். கருத்தடை மாத்திரையோ ஹார்மோன் மாத்திரையோ சாப்பிடும் பெண்கள் அதை முன்கூட்டியே சர்ஜனிடம் சொல்லிவிட வேண்டும்.

பத்தியம் வேண்டாம்... புரதம் வேண்டும்!

இது என் பேட்டை. கொஞ்சம் விரிவாகவே பேசுகிறேன்.

"பருப்பு சாப்பிட்டா சீழ் வைக்கும், முட்டை சாப்பிட்டா புண்ணு ஆறாது" என்று வீட்டுப் பெரியவர்கள் தடுப்பார்கள். அன்பாகத்தான் சொல்வார்கள். ஆனால், இந்த ஆபரேஷனுக்கு அது விஷம். இரண்டு, மூன்று அடி நீளத் தையல் சேர வேண்டும். சேர்ப்பதற்குச் சாமான் புரதம்தான்.

இரைப்பை ஆபரேஷன் செய்தவர்களுக்கு ஒரு நாளைக்கு 60 முதல் 80 கிராம் புரதம் தேவை. ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் 6, 7 கிராம், ஒரு கப் கொண்டைக்கடலைச் சுண்டலில் 14 கிராம் இருக்கிறது. கூட்டிப் பாருங்கள், கஞ்சியும் ரசமும் எங்கே நிற்கும்? சாப்பிட உட்கார்ந்ததும் முதலில் முட்டை, மீன், பயறு, தயிர், பன்னீர். சோறு கடைசியில். இதுதான் வரிசை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டு அளவை முடிவு செய்யுங்கள்.

முருங்கைக்கீரை, நெல்லிக்காய் நல்லவைதான். ஆனால், பைபாஸ் செய்த குடல் இரும்புச்சத்தையும் வைட்டமின் பி12-ஐயும் சரியாக உறிஞ்சாது. கீரையை மட்டும் நம்பி மாத்திரையை நிறுத்தாதீர்கள். ஹீமோகுளோபின், இரும்பு, பி12, வைட்டமின் டி, ஆல்புமின் எல்லாம் பார்த்து, குறையைச் சரிசெய்த பிறகே ஆபரேஷன் தேதி குறிக்க வேண்டும்.

இன்னொரு முக்கிய விஷயம். எங்களிடம் வாங்கிய சூரணம், லேகியம் எல்லாவற்றையும் சர்ஜனிடமும் மயக்க மருந்து டாக்டரிடமும் காட்டிவிடுங்கள். பூண்டு, இஞ்சி, மஞ்சள் ஆகியவற்றை மருந்து அளவில் சாப்பிட்டால் ரத்தம் உறைவது தாமதப்படலாம். அமுக்கரா மயக்க மருந்தோடு சேர்ந்து தூக்கத்தைக் கூட்டலாம். பொதுவாக இரண்டு வாரம் முன்பே நிறுத்திவிடுவது நல்லது. சமையலில் போடும் அளவுக்குப் பயமில்லை.

வீட்டில் செய்ய வேண்டியவை

ஆபரேஷனுக்குக் காத்திருக்கும் காலத்திலும், ஆபரேஷனே வேண்டாம் என்று இருப்பவர்களுக்கும்:

• தினம் இரண்டு வேளை மடிப்பைக் கழுவி, துடைத்து, நன்றாக உலரவிடுங்கள். படுத்துக்கொண்டு மடிப்பைத் தூக்கி ஐந்து நிமிடம் காற்றுப்பட விடுங்கள்.

• வெளியே போகும்போது, துவைத்த பழைய பருத்தி வேட்டித் துணியை மடித்து இடையில் வையுங்கள். நனைந்தால் மாற்றுங்கள். மடிப்புக்குள் எண்ணெய் பூச வேண்டாம், ஈரம் தங்கும்.

• படர்தாமரை மாதிரி வந்தால் சீமை அகத்திக் களிம்பு பலருக்குக் கேட்கும். புண் திறந்து நீர் வடிந்தாலோ, சர்க்கரை இருந்தாலோ, ஒரு வாரத்தில் ஆறாவிட்டாலோ தோல் டாக்டரிடம் போங்கள்.

ஆபரேஷனுக்குப் பிறகு:

• இறுக்கமான உள்ளாடை ஒன்று கொடுப்பார்கள். ஆறு வாரம் வரை, சொன்ன நேரமெல்லாம் போட வேண்டும். தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர், குழந்தை... எதையும் அதுவரை தூக்கக் கூடாது.

• தையல்மேல் மஞ்சள், எண்ணெய், சாம்பல் எதுவும் வேண்டாம். புண் முழுக்க மூடி, சர்ஜன் சரி என்ற பிறகே தழும்பில் மெதுவாக எண்ணெய் தடவலாம்.

• தொப்புளுக்குக் கீழே பல மாதம் உணர்ச்சி மரத்திருக்கும். அங்கே வெந்நீர் ஒற்றடம் கொடுத்தால் சுடுவதே தெரியாமல் கொப்புளம் போட்டுவிடும். ஜாக்கிரதை!

யாரிடம் போவது? செலவு?

ஆபரேஷன் செய்பவர் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். அல்லது அதற்குச் சமமான டி.என்.பி. படித்தவரா என்று பாருங்கள். பியூட்டி பார்லர் போர்டுக்குப் பின்னால் நடக்கும் 'க்ளினிக்'குகள் வேண்டவே வேண்டாம். ஐ.சி.யூ. வசதி உள்ள மருத்துவமனையாக இருக்கட்டும். "இதே மாதிரி எத்தனை பேருக்குச் செய்திருக்கீங்க? தழும்பு எங்க வரும்? தையல் பிரிஞ்சா அந்தச் செலவு யாருது?" என்று தயங்காமல் கேளுங்கள். செலவுக் கணக்கை எழுதி வாங்குங்கள். சென்னை ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம், மதுரை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவு உண்டு. அங்கே போயும் ஆலோசனை கேட்கலாம்.

இன்ஷூரன்ஸ் உள்ளவர்கள் கவனிக்க. ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2019-ல் வகுத்த விதிப்படி, அழகுக்கான ஆபரேஷனுக்குப் பணம் கிடைக்காது. நேரடியான, உடனடியான உடல்நல ஆபத்தை நீக்க மருத்துவரீதியாக அவசியம் என்று டாக்டர் சான்று தந்தால் விதிவிலக்கு உண்டு. ஆகவே மடிப்புப் புண்ணுக்கு டாக்டரைப் பார்த்த சீட்டுகள், போட்டோக்கள் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். முன்அனுமதி வாங்கிய பிறகே அட்மிட் ஆகுங்கள். கிடைத்தே தீரும் என்று நம்பிக் கடன் வாங்கிவிடாதீர்கள்.

அந்த ஆசிரியை? ரத்தம் ஏறிய பிறகு வயிற்று ஆபரேஷன் நடந்தது. எடுத்த தோல் மட்டும் மூன்று கிலோவுக்கு மேல். ஒரு பக்கம் தையல் கொஞ்சம் பிரிந்து, மூன்று வாரம் கட்டுப் போட வேண்டியிருந்தது. புஜத்துக்கு மட்டும் "போதும் மேடம், தழும்பு வெளியே தெரியும்" என்று வேண்டாம் என்றுவிட்டார். அதுவும் சரிதான். எதை எடுப்பது, எதை விடுவது என்பது அவரவர் முடிவு. இப்போது அரைக்கை ரவிக்கையில்தான் பள்ளிக்கூடம் போகிறார். "சிரிச்சா சிரிக்கட்டும் மேடம்" என்கிறார்.

என் கிளினிக்குக்கு இப்போதும் தைலம் கேட்டு வருகிறார்கள். தோலைத் தொட்டுப் பார்ப்பேன். வறட்சி, அரிப்பு என்றால் தைலம் தருவேன். தொங்கும் தோல் என்றால் முதல் நாளே சொல்லிவிடுகிறேன், "இதுக்கு என்கிட்ட மருந்து இல்லைம்மா. யாருகிட்ட இருக்குன்னு சொல்றேன், எழுதிக்குங்க."